பனி பார்க்கக் கிளம்பிய பன்னிரண்டு பேர்

கரண்ட் போன மத்தியானம்

ஜனவரி மாதம், மத்தியானம் இரண்டு மணி. அருப்புக்கோட்டையில் என் டூர் ஆபீஸ் மாடியில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உடம்போடு ஒட்டிய தெர்மல் பனியன், அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் தொடை வரை தொங்கும் ஜாக்கெட், தலையில் குல்லா, கையில் உறை. முழு அலங்காரம். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

வியர்வை எல்லோருக்கும் காதோரமாக இறங்கியது. கீழே டீக்கடைக்கு வந்த இரண்டு பேர் மாடிப்படி ஏறி எட்டிப் பார்த்து, ஏதாவது ஷூட்டிங்கா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். நான் விடவில்லை. ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப வரிசையாக மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லடாக்கில் இருக்கிற லே ஊருக்குப் போய் இறங்கினால் மைனஸ் பதினான்கு டிகிரி. அங்கே போய் எந்தக் கை எந்தச் சட்டைக்குள் என்று தேடக் கூடாது.

பரளச்சி முத்துமாரி அக்கா கையைத் தூக்கினார்.

"அதெல்லாம் மாட்டிருவோம் தாயி. இம்புட்டையும் போட்டுக்கிட்டு அவசரத்துக்கு ஒதுங்கணும்னா என்ன பண்றது? மொதல்ல அதச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாக டூர் நடத்துகிறேன். என் பட்டியலில் அந்தக் கேள்வியே இல்லை. அன்று சாயங்காலமே முதல் வரியாக எழுதினேன்: சேலை வேண்டாம், நாடா வைத்த பேண்ட் வேண்டாம், எலாஸ்டிக் பேண்ட் மட்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளலாம். பார்க்கப் போகிற இடத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பாத்ரூம் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள், அதுவும் கடைசி நிமிடத்தில்.

எதற்கு இந்த வேலை

முத்துமாரி அக்காவும் அவர் வீட்டுக்காரர் கருப்பசாமி அண்ணனும் என்னோடு காசிக்கு வந்தவர்கள், பூரிக்கு வந்தவர்கள். பரளச்சியில் மானாவாரி நிலம். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறார்கள். ஒரு நாள் அக்கா ஆபீஸுக்கு வந்து போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். யாரோ ஒரு பெண் கையை விரித்து நிற்கிறாள், மேலிருந்து பனி கொட்டுகிறது.

"மழைக்கு வானத்தப் பாத்துப் பாத்துக் கழுத்து வலிச்சதுதான் மிச்சம். இது பஞ்சு மாதிரி எறங்குதாமே. இத ஒரு தடவ நேருல பாக்கணும்" என்றார்.

நான் அதுவரை காஷ்மீருக்கு மே மாதத்தில் மட்டுமே ஆள் கூட்டிப் போயிருக்கிறேன். குளிர்காலத்தில் எங்கேயும் போனதில்லை. ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சோளம் அறுப்பு முடிந்து பிப்ரவரி நடுவில் போகலாம் என்று முடிவு செய்து ஆள் சேர்க்க ஆரம்பித்தேன். திருச்சுழியிலிருந்து மூன்று பேர், அருப்புக்கோட்டையிலிருந்து ஆறு பேர், வீரசோழனிலிருந்து சிக்கந்தர் பாய். அண்ணனையும் அக்காவையும் சேர்த்துப் பன்னிரண்டு.

சிக்கந்தர் பாய் துணி வியாபாரி. கொள்முதலுக்காக வடக்கே போய்ப் போய் இந்தி நன்றாக வரும். திருப்பூரில் எக்ஸ்போர்ட் மிச்சம் விற்கிற ஆட்களை அவருக்குத் தெரியும் என்பதால், ஜாக்கெட்டும் தெர்மலும் அவர் மூலமாகத்தான் வந்தன. வெளியூர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வைத்திருந்தது நானும் அவரும் மட்டும். மற்றவர்கள் வீட்டில் எங்கள் இரண்டு பேர் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன்.

பூட்ஸ்தான் பெரிய தலைவலி. ஆயுசு பூராவும் செருப்பு போட்ட கால்கள். பாதம் அகலம், குதிகாலில் வெடிப்பு. புது பூட்ஸோடு நேராகக் கிளம்பினால் முதல் நாளே கொப்புளம் வந்துவிடும். அதனால் மூன்று வாரம் தினமும் ஒரு மணி நேரம் பூட்ஸ் போட்டு நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன். கருப்பசாமி அண்ணன் அதைப் போட்டுக்கொண்டே கரிசல் காட்டில் சோளத்தட்டை அறுக்கப் போயிருக்கிறார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் அவரை ஒரு வாரம் 'மிலிட்டரி' என்று கூப்பிட்டார்களாம். அவர் அதற்கெல்லாம் கவலைப்படுகிற ஆள் இல்லை. ஐம்பத்திரண்டு வயதிலும் சோள மூட்டையைத் தனியாகத் தோளில் ஏற்றி டிராக்டரில் போடுவார்.

எங்கள் ஊர் டாக்டரம்மா ஒருவர் எல்லோருக்கும் பிரஷர், சுகர், மூச்சு எல்லாம் பார்த்துக் கொடுத்தார். குளிரைவிட உயரம்தான் முக்கியம், அங்கே காற்றில் பிராணவாயு குறைவு என்று விளக்கினார். போய் இறங்கிய முதல் இரண்டு நாள் படுத்தே கிடக்க வேண்டும், எதையும் தூக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார். உயரத்துக்கென்று ஒரு மாத்திரையும் எழுதினார். கிளம்புவதற்கு முதல் நாளிலிருந்து அரை அரையாக. அதைப் போட்டால் அடிக்கடி சிறுநீர் வரும், விரல் நுனி குறுகுறுக்கும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

நான் என் நோட்டில் இரண்டு பேருக்கு நட்சத்திரக் குறி போட்டுக்கொண்டேன். மாடி ஏறினாலே மூச்சு வாங்கும் திருச்சுழி டீச்சர் ஒருவர், சுகர் உள்ள ஒருவர். இவர்களை இமை கொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். கருப்பசாமி அண்ணன் பெயருக்கு நேராக ஒரு டிக் அடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

பெட்டிகள்

டெல்லியிலிருந்து விடியற்காலை விமானம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே வெள்ளை வெள்ளையாக மலை. அக்கா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தார். ஆனால் லேயில் இறங்கியதும் முகம் மாறிவிட்டது. தூரத்து மலைகளில்தான் பனி. ஊருக்குள் எங்கே பார்த்தாலும் பழுப்பு நிற மண், மொட்டைப் பாறை, இலை உதிர்ந்த குச்சி மரங்கள்.

"என்ன தாயி, நம்ம காடு மாதிரியே பொட்டலாக் கெடக்கு. இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்றார்.

அந்த ஊருக்கு மழையும் குறைவு, பனியும் குறைவு. குளிர் மட்டும்தான் தாராளம். அதை நான் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் உறைந்த ஆற்றைப் பார்க்கலாம் என்று சமாளித்தேன்.

நாங்கள் தங்கியது டோல்மா என்ற அம்மாள் நடத்தும் விடுதியில். பாதையில் ஐஸ் கட்டியிருந்ததால் வேன் வாசல் வரை போகவில்லை. கீழேயே நின்றுவிட்டது. மேலே போக முப்பது படி. பெட்டி தூக்க ஏற்பாடு செய்திருந்த ஆட்கள் இன்னும் வரவில்லை. எல்லோருக்கும் பல் கிட்டியது. டீச்சர் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். என் கவனம் முழுக்க அவர் மேல். பெட்டிகள் வழியில் கிடந்தன. நான் திரும்பிக் கருப்பசாமி அண்ணனைப் பார்த்தேன்.

"அண்ணே, பொம்பளைங்க பெட்டிய மட்டும் கொஞ்சம் மேல ஏத்தி விட்ருங்க."

இதைச் சொன்னது நான்தான். டாக்டரம்மா சொன்னது அத்தனையும் மண்டையில் இருந்தும் சொன்னேன். ஏனென்றால் அந்த விதி எல்லாம் டீச்சருக்கும் சுகர்காரருக்கும் என்று என் மனசு பிரித்து வைத்திருந்தது.

அவர் ஒரு நடைக்கு இரண்டு பெட்டி வீதம் ஏற்றினார். மேலிருந்து டோல்மா ஓடி வந்து, வேண்டாம் வேண்டாம் என்று இந்தியில் சத்தம் போட்டபோது எட்டுப் பெட்டி போய்விட்டது. அண்ணன் மூச்சில் புகை விட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றார். களத்தில் தூக்குவதில் இது பாதிகூட இல்லை என்றார்.

அன்று பூராவும் எல்லோரும் கம்பளிக்குள். குழாயில் தண்ணீர் வராது. உறைந்துவிடும் என்று வாளியில்தான் தருவார்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிட்டது. ஆளாளுக்கு அதை, அறையைச் சூடாக்க வைத்திருந்த புகாரி அடுப்புப் பக்கத்தில் வைத்து உருக்கி உதட்டில் தடவிக்கொண்டார்கள். டீச்சர் நன்றாக இருந்தார். சுகர்காரர் இரண்டு முறை சூப் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் நிம்மதியாகிவிட்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அக்கா வந்து, அண்ணன் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்றார். குளிரில் பசி மந்தமாகத்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அவரைப் போய் ஒரு எட்டுப் பார்க்கவில்லை.

கம்பளத்தின் ஓரம்

மூன்றாம் நாள் காலையில் ஆற்றைப் பார்க்கக் கிளம்பினோம். வேன் வந்துவிட்டது. எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கருப்பசாமி அண்ணன் மட்டும் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு லேஸை எடுப்பதும் விடுவதுமாக இருந்தார். தலை லேசாக வலிக்கிறது, மற்றபடி ஒன்றும் இல்லை என்றார்.

டீ கொண்டு வந்த டோல்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். தரையில் விரித்திருந்த கம்பளத்தைக் காட்டி, அதன் ஓரக் கோட்டில் ஒரு காலின் விரல் நுனியை ஒட்டி அடுத்த காலின் குதிகாலை வைத்து நடக்கச் சொல்லு என்றார். நான் தமிழில் சொன்னேன். அண்ணன் சிரித்துக்கொண்டே எழுந்தார். வலது காலைச் சரியாக வைத்தார். இடது கால் கோட்டை விட்டு ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பூட்ஸு சரியில்ல" என்றார்.

அவர் காலில் பூட்ஸ் இல்லை. சாக்ஸோடு நின்றிருந்தார்.

டோல்மா அதற்குள் வேன் டிரைவரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு பார்க்கப் போக இருந்த வேனில் அண்ணனையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் விரலில் ஒரு கிளிப் மாட்டிப் பார்த்த உடனே மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன் முகமூடி மாட்டிவிட்டார்கள். ஒரு ஊசியும் போட்டார்கள். டாக்டர் இளைஞர். இந்தியில் மூன்று கேள்வி கேட்டார். மாத்திரை எடுத்தாரா? தண்ணீர் குடித்தாரா? வந்த அன்று கனமாக எதையாவது தூக்கினாரா?

முதல் கேள்வியை அக்காவிடம் கேட்டேன். எல்லாம் போட்டாக, நானே எடுத்துக் கொடுத்தேன் என்றார். சொல்லிக்கொண்டே ஆதார் கார்டுக்காக அண்ணனின் ஜாக்கெட் உள்பையில் கையை விட்டார். கார்டோடு ஒரு காகிதப் பொட்டலமும் வந்தது. பிரித்தால் அரை மாத்திரைகள். ஒன்றுகூடக் குறையவில்லை.

அண்ணன் முகமூடியை விலக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"வெமானத்துல ஒன்னுக்கு எந்திரிச்சு எந்திரிச்சுப் போகணுமே, சங்கடமா இருக்கும்னு பாத்தேன். இங்கயும் அந்தக் குளுருல எவன் போவான்னு தண்ணியும் குடிக்கல."

அக்கா அவரைத் திட்டவில்லை, அப்போதைக்கு. பொட்டலத்தை அப்படியே மூடி முந்தானையில் முடிகிறவர் போல இடுப்பில் தேடினார். சேலைதான் வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேனே. கடைசியில் ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது கேள்விக்கு நானே பதில் சொன்னேன். எட்டுப் பெட்டி, முப்பது படி, தூக்கச் சொன்னது நான் என்று டாக்டரிடம் இந்தியில் சொன்னேன். அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அக்கா என் கையைப் பிடித்து, என்ன கேட்டாரு என்றார். வேலை ஏதாவது செஞ்சாரான்னு கேட்டாரு, பெட்டி தூக்கினாருன்னு சொன்னேன் என்றேன். தூக்கச் சொன்னது யார் என்பதைத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

வந்தது பனி

டாக்டர் சொன்னது தெளிவாக இருந்தது. மூளையில் வீக்கம் ஆரம்பிக்கிற அறிகுறி. ஆக்ஸிஜனும் மருந்தும் தாங்கிப் பிடிக்கும். உண்மையான வைத்தியம் கீழே இறங்குவதுதான். மறுநாள் காலை விமானத்தில் போயே ஆக வேண்டும். நான் சிக்கந்தர் பாய்க்கு போன் செய்தேன். மூன்று சீட்டு கிடைத்துவிட்டது. ஆனால் மீதிப் பத்துப் பேரை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? டூர் மேனேஜர் கூட்டத்தை விட்டுப் போவது எங்கள் தொழிலில் பெரிய தப்பு.

"நீங்க அவுகளோட போங்க தங்கச்சி" என்றார் பாய். "எனக்குப் பாஷை தெரியும், டோல்மாம்மா இருக்காக. எல்லாரையும் கம்பளத்துல நடக்க விட்டுப் பாத்தாச்சு. பத்துப் பேரும் நேராத்தான் நடக்குறோம்."

மறுநாள் காலையில் வெளிச்சம் வந்ததும் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளையாக, சத்தமே இல்லாமல், பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குத் தகவல் வந்தது, இன்றைக்கு விமானம் இல்லை.

முத்துமாரி அக்கா ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வீடியோவில் பார்த்தது அப்படியே கண் முன்னால் இறங்குகிறது. அவர் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"இன்னைக்குத்தான் வரணுமா இது" என்றார்.

கட்டிலில் அண்ணன் கண் விழித்துப் பார்த்தார். ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் ஓடியதில் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. போய்ப் பாத்துட்டு வா என்று கையால் சைகை காட்டினார். அக்கா அசையவில்லை. அவர் விடவில்லை. முகமூடியைக் கழற்றப் போனார். கழற்றாதீங்க என்று நான் கத்த, அக்கா பயந்துபோய், சரி போறேன், அத மாட்டுங்க என்றார்.

கீழே முற்றத்தில் அவர் நின்றதை மேலிருந்து பார்த்தேன். கையை எல்லாம் விரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து பிளாஸ்கின் மூடியில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு படியேறி வந்து அண்ணன் கையில் கொட்டினார். அண்ணன் உள்ளங்கையை உற்றுப் பார்த்தார்.

"பொடி உப்பு மாதிரி இருக்கு" என்றார்.

அக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மாத்திரையில் ஆரம்பித்தார். தண்ணீர் குடிக்காதது, தலைவலியை மறைத்தது, கரிசல் காட்டில் பூட்ஸ் போட்டுத் திரிந்த பெருமை என்று ஒன்று விடாமல் வாங்கு வாங்கென்று வாங்கினார். அண்ணன் முகமூடிக்குள்ளேயே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த அறையில் இருக்க முடியவில்லை. வராந்தாவில் போய் நின்றுகொண்டேன். பனி மத்தியானம் வரை நிற்கவில்லை.

டெல்லி

அதற்கு அடுத்த நாள் வானம் துடைத்து விட்டது போல இருந்தது. ஆக்ஸிஜன் சிலிண்டரோடு விமானம் ஏறினோம். டெல்லியில் இறங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அண்ணன் சக்கர நாற்காலியிலிருந்து தானாக எழுந்து, எனக்குப் பசிக்குது என்றார். ஏர்போர்ட்டுக்குள் இருந்த கடையில் இட்லி இருந்தது. இரண்டு பிளேட் முடித்துவிட்டு, சாம்பார் நம்ம ஊர் மாதிரி இல்லை என்று குறை சொன்னார். மூன்று நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் குறை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கை கழுவப் போன நேரத்தில் அக்காவிடம் சொன்னேன். பெட்டியைத் தூக்கச் சொன்னது நான்தான், டாக்டரிடம் அன்றே சொல்லிவிட்டேன், உங்களிடம் சொல்லவில்லை என்று சொன்னேன்.

அண்ணன் எந்தப் பக்கம் போனாரோ அந்தப் பக்கமே அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லலேன்னாலும் அவுக தூக்கியிருப்பாக. அது எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா டாக்டருகிட்டச் சொன்னத எங்கிட்டயும் அன்னைக்கே சொல்லியிருக்கணும். நான் ரெண்டு நாளா, எல்லாம் இந்த மனுசன் செஞ்சதுன்னு நெனச்சு, ஒடம்புக்கு முடியாதவுகள வஞ்சுக்கிட்டே இருந்தேன்."

அண்ணன் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு நேராக நடந்து வந்துகொண்டிருந்தார். அக்கா எழுந்து போய் அவர் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டார்.

இப்போது செய்வது

மீதிப் பத்துப் பேரும் ஆறு, மடாலயம் எல்லாம் பார்த்துவிட்டு நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள். பாய் அவர்களைத் தினமும் காலையில் கம்பளத்தில் நடக்கவிட்டாராம்.

அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் போய்வந்துவிட்டேன். பட்டியல் நீண்டுவிட்டது. மாத்திரையை என் கண் முன்னால்தான் விழுங்க வேண்டும். பெண்கள் ஆண்கள் எல்லோரும், நானும். இறங்கிய முதல் இரண்டு நாள் யாரும் ஒரு கைப்பையைக்கூடத் தூக்கக் கூடாது. ஆள் வரவில்லை என்றால் பெட்டி கீழேயே கிடக்கட்டும். சாப்பிடவில்லை என்று வீட்டார் வந்து சொன்னால் அந்த நிமிடமே போய்ப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்குகிறவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள், பயம் அவர்களைக் காப்பாற்றும். எனக்கு ஒன்றும் ஆகாது என்கிறவருக்குத்தான் இப்போது நட்சத்திரக் குறி.

இதெல்லாம் எந்த டூர் ஆபீஸும் பழகப் பழகக் கற்றுக்கொள்கிற விஷயம். நான் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆன விஷயம் வேறு. ஏதாவது தப்பாகிவிட்டால், அதில் நம் பங்கு எவ்வளவோ அதைச் சம்பந்தப்பட்டவரிடம், அவருக்குப் புரிகிற பாஷையில், அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். நாம் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பழியை வேறு யாரோ சுமக்கிறார்கள்.

ஒவ்வொரு குளிர்காலப் பயணத்துக்கு முன்னாலும் மாடியில் கூட்டம் போட்டு இந்தக் கதையைச் சொல்கிறேன். கேட்பவர்கள் முதலில் மாத்திரையை ஒளித்து வைத்தவரைப் பற்றிச் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, பெட்டி தூக்கச் சொன்னது நான் என்பதையும் சொல்கிறேன்.